மண் சரிந்த பின்னர் மனம் நிமிர்தல்

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் மழை தேயிலைக்கு உயிர். சில வேளைகளில் அதுவே தொழிலாளர்க்குக் கூற்றாகவும் வந்துவிடுகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயன் வீடுகளை மூடியது. முன்னரே பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவர்களுள் சிலர்க்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மீட்கப்பட்ட உடல்கள் சிலவே. ஏனையோர் அம்மண்ணிலேயே அடங்கிவிட்டனர்.

இத்தகைய விபத்திலே தப்பியவர் உள்ளத்தை வருத்துவன இரண்டு. முதலாவது, "நான் மட்டும் ஏன் பிழைத்தேன்?" என்னும் குற்ற உணர்ச்சி. இரண்டாவது, முடிவுறாத துக்கம். கொள்ளி வைத்துக் கருமாதி முடித்துத் துக்கத்துக்கு ஓர் எல்லை வகுப்பது நம்மவர் வழக்கம். உடலே கிடையாதபோது அந்த எல்லையும் இல்லை; வாசலில் ஓசை கேட்குந்தோறும், வந்துவிட்டாரோ என்று மனம் ஏங்குகின்றது.

முதல் நோய்க்கு அறிவு மருந்தாகும். தொடர்மழையின் நீர் மண்ணினுள் இறங்கித் தேங்கும்போது, மண்துகள்களின் பிடிப்புத் தளர்கின்றது. பாரம் மிகுந்த சரிவு தன்னைத் தாங்கமாட்டாது நழுவுகின்றது. மீரியபெத்தை ஆபத்தான இடமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே, அவ்வழிவுக்குக் காரணம் மண்ணும் மழையும், காலத்தில் மாற்றிடம் கிடைக்காமையுமே. அன்று காலை பள்ளிக்குப் போன பிள்ளையோ, வேலைக்குப் போன தாயோ அதற்குப் பொறுப்பாளி அல்லர். இதனைப் பிறர் ஒருமுறை சொன்னாற் போதாது. அவர்கள் மனம் ஏற்கும்வரை பொறுமையுடன் சொல்லல் வேண்டும்.

இரண்டாவது நோய் எளிதில் ஆறுவதன்று. இறந்தோர் பெயரைச் சொல்லவும், ஆண்டுதோறும் அந்நாளில் ஒன்றுகூடி விளக்கேற்றவும் இடம் இருந்தால், எல்லையற்ற துக்கம் சிறிது எல்லை காணும். "மறந்துவிடு" என்பது ஆறுதலன்று. மழையொலி கேட்டு நடுங்கும் பிள்ளையைக் கோழை என ஏசுதலும் ஆகாது. அந்நடுக்கம் காயத்தின் தழும்பு. அதனைத் தன் குறையெனக் கருதி நாணாது, "இதுவும் என்னுள் ஒரு பகுதி" என்று கொள்வதே தன்னை ஏற்றல்.

ஆயினும் மனவுறுதி வெறும் அறிவுரையால் வளராது. தப்பிய குடும்பங்கள் மகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலை முகாமில் நெடுநாள் ஒடுங்கியிருந்தன. 2016இலேயே புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. உறுதியான கூரையும், ஒழுங்கான பள்ளி நாளும், கைக்கு வேலையும் அமைந்த பின்னரே மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கும்.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனத் தோன்றும் கலங்கிய ஊற்று ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இழப்பை அறிந்தவர் இவற்றை அயலார்க்கு உணர்த்தும்போது, அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பிழைத்த உயிர்க்கு அதனால் ஒரு பயனும் விளங்குகின்றது.