நித்திரையில் சீனி குறைந்தால்

சலரோகம் பெரியவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். சிறுவர்களுக்கும் அது வருகிறது. முதலாம் வகைச் சலரோகம் எனப்படும் இந்நோயில் பிள்ளையின் உடல் இன்சுலினைச் சுரப்பதில்லை; நாள்தோறும் ஊசி மூலம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இன்சுலின் தேவைக்கு மிஞ்சினால் இரத்தத்தில் சீனி குறைந்துவிடும். இது இரவில் நேர்வதற்கே பெற்றோர் அதிகம் அஞ்சுகின்றனர்.

பகலில் நடுக்கமும் பசியும் வியர்வையும் தோன்ற, பிள்ளை சொல்லிவிடும். நித்திரையில் இந்த எச்சரிக்கைகள் மங்கிவிடுகின்றன. தலையணை வியர்வையில் நனைதல், கனவு கண்டு அலறுதல், காலையில் தலையிடி என்பவற்றை நாம் கவனிக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் மாலையிலேயே தொடங்குகிறது. இரவுச் சாப்பாடு குறைந்திருக்கலாம். மாலையில் பந்தடித்த பிள்ளையின் தசைகள் பல மணி நேரம் கழித்தும் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்கு முன் போட்ட கலங்கலான இன்சுலினும் நள்ளிரவை அண்டியே வலுவாக வேலை செய்யும். எனவே விளையாடிய நாட்களில் படுக்கைக்கு முன்னும், இரவு 2 அல்லது 3 மணிக்கும் இரத்தத்தைச் சோதியுங்கள். படுக்கும்போது எந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாலோ பிஸ்கற்றோ கொடுக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் கேட்டு, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது சோதிக்க வசதியின்றிச் சந்தேகம் எழுந்தால், பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து, அரைக் கோப்பை நீரில் 2 அல்லது 3 தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுங்கள். சொக்கலேற் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பினால் சீனி மெதுவாகவே ஏறும். 15 நிமிடங்களின் பின் மீண்டும் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். ஏறியபின் இரண்டு பிஸ்கற் கொடுங்கள்.

மயங்கிய பிள்ளைக்கும் வலிப்பு வந்த பிள்ளைக்கும் வாயால் எதையும் கொடுக்கக் கூடாது; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். குளுக்ககோன் ஊசி வீட்டில் இருந்தால், கிளினிக்கில் பழக்கியபடி போடுங்கள்.

பயத்தினால் இரவு ஊசியையே நிறுத்திவிடும் பெற்றோரும் உள்ளனர். இது பெரும் ஆபத்து. 1922இல் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்றும் ஊசியை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிர் போகலாம். சீனி குறைந்த இரவுகளைத் திகதி, நேரத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். இன்சுலினின் அளவை எவ்வளவு குறைப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.