பாட்டியின் குரலை உறுமி விழுங்கலாமா?

நம் கெடா தோட்டங்களில் உறுமி அடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திகாம் பத்திலும் சுங்கை பட்டாணியிலும் திருவிழா வந்தால் நீங்களே காதாரக் கேட்கிறீர்கள். ஆனால் கித்தா மரம் சீவிய காலத்துத் தாலாட்டையும் கும்மியையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டிமார்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அப்பாடல்களில் பல எந்த ஏட்டிலும் ஏறாதவை. பேரப்பிள்ளை ஒருவன் கைப்பேசியில் பாட்டியின் பாட்டைப் பதிந்து, அதற்கு உறுமியும் கீபோர்டும் சேர்க்க முனைகிறான் என்றால் மகிழ வேண்டிய செய்திதானே?

அந்த மகிழ்ச்சி பாட்டைக் கேட்கும் வரைதான்! உறுமி வீட்டையே அதிர வைக்கிறது; பாட்டியோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார். "நம்மிடம் விலையுயர்ந்த மென்பொருள் இல்லையே" என்பான் பிள்ளை. நம்பாதீர்கள்.

சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் சிறு கருவியை டாஸ்காம் நிறுவனம் 1979இல் வெளியிட்டது. அதை வீட்டில் வைத்து அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பதிந்த பாடல்களே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வந்தன. இன்றைக்கோ ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் என்னும் மென்பொருளை 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்தால் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், நம் பணத்தில் 300 வெள்ளிக்குள் அடங்கும். கணினி இல்லாத வீட்டில் கைப்பேசியிலேயே பேண்ட்லேப் போதும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் பாட்டி பாடும்போதே அது தொடங்கிவிடுகிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரம் வேண்டாம். சுவரில் போர்வை, மெத்தை எதையாவது சாய்த்து வைத்தால் எதிரொலி அடங்கும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்று ஓரமாக மைக் இருக்கட்டும். ஒலியளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் குரல் கிழியும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரியாகத் தைக்க முடியாது.

இன்னொன்று. தாளத்தை முதலில் போட்டு, "இதற்கேற்பப் பாடுங்கள் பாட்டி" என்று கேட்காதீர்கள். தாலாட்டு, தொட்டில் ஆடும் வேகத்தில் இழுத்தும் நிறுத்தியும் போவது. பாட்டி தனியாகப் பாடட்டும். உறுமிக்காரப் பையன் கம்பியுள்ள ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பின்தொடரட்டும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம், ஒலி பிந்தி வந்து தாளத்தைக் கெடுத்துவிடும்.

இனிக் கலவைக்கு வருவோம். எல்லாத் தடங்களையும் அடக்கிவிட்டுப் பாட்டியின் குரலை மட்டும் ஏற்றுங்கள். அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான், தாராளமாக வெட்டலாம். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டு வாருங்கள். கீபோர்டு நுழைந்ததும் குரல் மங்குகிறதா? உடனே குரலை உயர்த்தத்தான் கை போகும். வேண்டாம்! கீபோர்டில் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் குறையுங்கள். நெரிசலான பேருந்தில் பாட்டிக்கு இடம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காருவதில்லையா? சொற்கள் தெளிவு பெறும் இடம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. அங்கே சலங்கையும் ஜால்ராவும் கூத்தடித்தால் அவற்றையும் அடக்குங்கள். பாட்டி நடுவில் இருக்கட்டும். கீபோர்டை இடப்பக்கமும் சலங்கையை வலப்பக்கமும் ஒதுக்கலாம். எதிரொலி சேர்ப்பதை ஊறுகாய் அளவோடு நிறுத்துங்கள். லயத்துப் பாட்டியைக் குகைக்குள் அனுப்ப வேண்டியதில்லை.

ஒலியைச் சிறிதாக வைத்துக் கேட்டால் தவறு சீக்கிரம் தெரியும். இரவில் முடித்ததை மறுநாள் காலையில், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் காரிலும் மறுபடி கேளுங்கள். மற்றவர் பாட்டைவிட உரக்க வேண்டும் என்ற போட்டியும் வீண். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

2021இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையே ஊற்று என்று பாடகர் அறிவு சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் சம்மதம் கேளுங்கள். பாட்டில் அவர் பெயரைப் போடுங்கள். கலவை முடிந்ததும் முதல் ஆளாக அவருக்கே போட்டுக் காட்டுங்கள். சொந்தப் பாட்டில் ஒரு சொல் புரியாமல் அவர் முகம் சுளித்தால், மீண்டும் கீபோர்டைக் குறையுங்கள்.

மேளம் சேராத அந்த முதல் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். சுருக்காத 'வேவ்' கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய தேதி மூன்றும் இருக்கட்டும்.