முரண்பாடா, மறைந்த காரணமா?

சிந்தனைத் தேர்வில் நம்மைத் தடுமாறச் செய்யும் ஒருவகைக் கேள்வி உண்டு. இரண்டு செய்திகளைத் தந்து, "இரண்டும் உண்மை, எப்படி?" என்று கேட்பார்கள். எங்கள் தோட்டப் பள்ளியிலே பலர், "ஐயா, இதில் ஒன்று பொய்" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரிதானா என்று ஆராய்வோம்.

இதோ ஒரு கேள்வி: நவம்பரில் ரப்பர் விலை ஏறியது. ஆனால், பாலின் எடைக்கும் விலைக்கும் ஏற்பக் கூலி பெறும் ஒரு தொழிலாளியின் வருமானம் அதே மாதத்தில் குறைந்தது. பொருத்தமான விளக்கம் எது?

அ) ரப்பருக்குத் தேவை கூடியது.
ஆ) அவருடைய வீட்டுச் செலவு கூடியது.
இ) பல நாள் காலையில் மழை பெய்தது.

முதல் விடை விலை ஏறியதை மட்டுமே விளக்குகிறது. இரண்டாவது, செலவைப் பற்றியது, வருமானத்தைத் தொடவில்லை. மூன்றாவதைப் பாருங்கள். பட்டை நனைந்தால் பால் கோட்டைவிட்டு வழிந்துவிடும். மங்கில் மழைநீர் சேரும். ஆகவே, மரம் வெட்ட முடியாது. விலை ஏறியதைவிட எடை அதிகமாகக் குறைந்தால் கூலி குறையத்தானே செய்யும்? மழை எங்கும் பெய்தால் சந்தைக்கு வரும் ரப்பர் குறைந்து, விலையும் ஏறலாம். ஒரே மழை இரண்டு செய்திகளையும் இணைத்துவிட்டது!

ஒரே பொருளைப் பற்றி, ஒரே நேரத்தில், "ஏறியது" என்றும் "ஏறவில்லை" என்றும் சொன்னால்தான் முரண்பாடு. இங்கே விலை வேறு, வருமானம் வேறு.

பெரியவர்களுக்கும் இத்தகைய புதிர் எதிர்ப்பட்டதுண்டு. 1973இல் அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மேற்பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. பெண்கள் ஒதுக்கப்பட்டதாகத் தோன்றியது. துறைவாரியாக ஆராய்ந்தபோதோ, பெரும்பாலான துறைகளில் அப்படி இல்லை. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் மிகுதியாக விண்ணப்பித்திருந்தார்கள்.

ஆகவே மாணவர்களே, இரண்டு செய்திகளையும் முதலில் நம்புங்கள். ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். பிறகு, இரண்டையும் இணைக்கும் விடையைத் தேடுங்கள். இது தேர்வுக்கு மட்டுமன்று. "விலை ஏறியும் அப்பா ஏன் குறைவாகக் கொண்டுவந்தார்?" என்று ஐயுறும் பிள்ளை, அந்த மாதத்து மழையை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.