சரக்கு போகும் பாதை – 9: கொதிநீரில் ஒரு துண்டுத் தோல்

டிரம்மிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட, மரத்தட்டின் மேல் அடுக்கடுக்காக ஆட்டுத் தோல்கள். வெளிர் நீல நிறம். நாகல்கேணியில் ஒரு டேனரி. நாற்பது வருடமாக இதே வேலையில் இருக்கும் பெரியவர், ஒரு தோலின் கழுத்துப் பக்கத்தில் கத்தியால் சின்னதாக ஒரு துண்டு அறுத்தார். அதை ஒரு தாளில் வைத்து ஓரத்தை ஒட்டி பேனாவால் கோடு வரைந்தார். பக்கத்தில் ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை அதில் போட்டார். இரண்டு நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து, தாளில் வரைந்த கோட்டின் மேலேயே திரும்ப வைத்தார்.

"பாத்தீங்களா தம்பி, சுருங்கல. கோட்டு மேலயே நிக்குது. பதம் உள்ள வரைக்கும் ஏறலன்னா கொதிதண்ணியில சுருண்டு போயிடும். இப்பதான் இது தோலு. நேத்து வரைக்கும் கறிக்கடைச் சாமான்."

அந்தத் தாளை அவர் கசக்கிப் போடவில்லை. தேதியும் டிரம் நம்பரும் எழுதி ஒரு ஃபைலில் குத்தி வைத்தார். கடல் தாண்டி இருக்கும் செருப்பு கம்பெனியின் ஆடிட்டர் வரும்போது கேட்பாராம்.

இந்தத் தொடரின் சென்ற பகுதியில், மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை நின்றபோது, அதை நம்பி இருந்த உதிரிபாகக் கம்பெனிகள் எந்தச் சுமையைத் தாங்கின என்று பார்த்தோம். அங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் வடக்கே வந்து, தாம்பரம் தாண்டி, குரோம்பேட்டையில் இடது கைப்பக்கம் நாகல்கேணிக்குத் திரும்பினால் அதே கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழைய விடை ஒன்று இருக்கிறது.

குரோம்பேட்டை என்ற பெயரைத் தினமும் மின்சார ரயிலில் கேட்கிறோம். குரோமிய உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. தமிழ்நாட்டில் சாமி பெயரில், ராஜா பெயரில், மரத்தின் பெயரில் ஊர் உண்டு. ஒரு ரசாயனத்தின் பெயரில் வேறு ஊர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ரசாயனம் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நம் ஆட்கள் அதுவரை தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதனிட்டார்கள். குழியில் ஊறப்போட்டு எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அப்படிப் பாதி பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. கிழக்கிந்தியா என்பதன் சுருக்கமாக 'ஈ.ஐ.' தோல் என்றே உலகச் சந்தையில் அதற்குப் பெயர். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்ற வேதியியலாளர் குரோமிய உப்பில் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோலும் மெல்லிசாக, கெட்டியாக, தண்ணீருக்கு அசையாமல் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டுத் தோலில் பளபளப்பான ஷூ மேல்தோல் செய்யும் ஆலைகள் பெருகின. அவற்றுக்கு ஆடு வேண்டும். இந்தியாவில் ஆடு இருந்தது. மதராஸிலிருந்து பச்சைத் தோலாகவே அள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பட்டை பதனிட்டுப் பிழைத்த நம் டேனரிகளுக்குத் தோல் கிடைப்பதே பாடாகிவிட்டது. பத்தாயிரம் மைல் தள்ளி ஒருவர் பதனிடும் முறையை மாற்றினார். இங்கே குழியில் நின்றவரின் வேலை போனது. உலகமயமாக்கலை நாம் 1991இலிருந்து எண்ணுகிறோம். தோல்காரர்களின் கணக்கு அதற்கும் நூறு வருடம் முந்தியது.

அப்போது மதராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை இங்கே அரசு செலவில் தொடங்கி வைத்தவர். 1900களின் தொடக்கத்தில் குரோம் பதனிடுதலையும் கையில் எடுத்தார். அவர் மனதில் இருந்த பொருட்களில் ஒன்று நம் கிணற்றடியில் இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மாடு பூட்டி இறைக்கும் கவலையில் சாலோடு சேர்த்து ஒரு தோல் வால் தொங்கும். பட்டையில் பதனிட்ட தோல் எந்நேரமும் தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் தாங்கும். விவசாயிக்கு வேண்டியதைச் செய்து, அதன் வழியாக ஒரு நவீனத் தொழிலை ஊன்ற நினைத்தார் அவர். 1910இல் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசாங்கம் தனியாருக்குப் போட்டியாகத் தொழில் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார். வித்தை மட்டும் மிஞ்சியது. அதைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனியை நடத்தத் தொடங்கினார். கம்பெனியைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது. குடியிருப்பைச் சுற்றிக் குரோம்பேட்டை வந்தது.

இனி சரக்கின் கணக்குக்கு வருவோம். இந்தத் தொடரில் கார், செல்போன், பனியன் என்று எதைப் பார்த்தாலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. வாங்குபவர் கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் நிறுத்துவார்கள். தோலில் அது நடக்காது. தோலுக்காக யாரும் ஆடு அறுப்பதில்லை. கறிக்காக அறுக்கிறார்கள். மிலானில் இந்த சீஸன் செருப்பு விற்காவிட்டாலும் பல்லாவரத்தில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேகும். தோல் வந்துகொண்டே இருக்கும். செருப்பு இரண்டு மடங்கு விற்றாலும் ஒரு தோல்கூட அதிகம் வராது. பக்ரீத் சமயத்தில் மூன்று நாளில் மலைபோல் குவியும். அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும். தோலின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட உப்பு போகும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

ஆக ஒரு முனையில் நிறுத்த முடியாத வரத்து. மறுமுனையில் எப்போது வேண்டுமானாலும் நிற்கக்கூடிய ஆர்டர். நடுவில் டேனரிக்காரர். இரண்டு வேகத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அவர் தன் கொடவுனில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நீலத் தோல், வெட் ப்ளூ என்பார்கள், அதற்குத்தான். உப்புப் போட்டாலும் பச்சைத் தோல் ரொம்ப நாள் தாங்காது. வெட் ப்ளூ ஈரம் போகாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உலகத் தோல் வியாபாரத்தின் அணைக்கட்டு அது. அணையைக் கட்டிப் பராமரிப்பவர் டேனரிக்காரர். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்பவர் வேறொருவர்.

பெரியமேடு தோல் மண்டியில் பச்சைத் தோலுக்குப் பணம் கையோடு போக வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் தவணை. முடித்த தோலை அனுப்பிவிட்டு ஷூ கம்பெனியிடமிருந்து பணம் வர இரண்டு மாதம், மூன்று மாதம். இடைப்பட்ட வட்டி டேனரிக்காரர் தலையில். கலர்கூட அவர் இஷ்டம் இல்லை. வெளிநாட்டு பிராண்டு ஒரு சின்னத் தோல் துண்டை அனுப்பும். அதே நிறம், அதே தொடு உணர்வு, அதே கனம் வர வேண்டும். எந்த டேனரியில் தோல் வாங்க வேண்டும் என்பதையும் பிராண்டே ஷூ ஆலைக்குச் சொல்லிவிடும். கையில் பெயர் இருக்கிறவரிடம் கொடவுன் இருக்காது. கொடவுன் இருக்கிறவரிடம் பெயர் இருக்காது. 2020இல் கொரோனா வந்து ஆர்டர்கள் ரத்தானபோது வெட் ப்ளூ எங்கே கிடந்தது என்று யோசித்தால் போதும்.

இந்தப் பிடியை உடைக்க வழி கண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1972இல் சீதாராமய்யா குழு, பாதி வேலை செய்த தோலை அனுப்பினால் மீதி லாபம் வெளிநாட்டுக்குத்தான் போகும் என்றது. 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது, பாதி பதனிட்டதற்குக் கோட்டா வந்தது. அதற்கு முன்பே 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்திருந்ததால் முடித்த தோல் செய்யும் அறிவு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் இன்னும் ஒரு படி ஏறி ஷூவே தைத்தார்கள். பல்லாவரம், நாகல்கேணி பெரும்பாலும் டேனரியோடு நின்றது. பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் ஜாப் ஒர்க்கும் உண்டு. அந்த ஒரு படி ஏறாததுதான் இந்தப் பகுதியின் பெரிய இழப்பு என்பது என் கருத்து. 2025 மத்திய பட்ஜெட்டில் வெட் ப்ளூ இறக்குமதிக்கு வரியே இல்லை என்றாக்கினார்கள். பதனிட்டுக் காயவைத்து, இன்னும் முடிக்காமல் இருக்கும் கிரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியையும் எடுத்துவிட்டார்கள். ஷூ தைப்பவருக்கு இனி எந்த நாட்டு நீலத் தோலும் ஒன்றுதான். நாகல்கேணிக்காரர் பக்கத்துத் தெருவோடு அல்ல, பிரேசிலோடு விலை பேச வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. செய்யாறிலும் பெரம்பலூரிலும் எழும் புதிய காலணி ஆலைகளோ பெரும்பாலும் தோல் இல்லாத ஷூவும் செருப்பும் செய்கின்றன.

விதிகளும் வாங்கும் நாடுகளின் பக்கமிருந்தே வந்தன. 1989 முடியும் தறுவாயில் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைத் தடை செய்தது. நம் தோல் துறைமுகங்களில் சிக்கியது. அடையாறு விஞ்ஞானிகள் மாற்று தேட ஓடினார்கள். 1994இல் சில அசோ சாயங்களுக்குத் தடை. 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று ஐரோப்பா சட்டம் போட்டது. எல்லாமே நியாயமான விதிகள். போட்டுக்கொள்பவரின் காலுக்குப் பாதுகாப்பு. நாகல்கேணி கிணற்றில் எத்தனை மில்லிகிராம் என்று அந்தச் சட்டங்கள் கேட்கவில்லை.

அதைக் கேட்டது நம் ஊர் ஆட்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் தீர்ப்புக்குள் வந்ததால் பல்லாவரத்து டேனரிகளும் மாட்டின. ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்காதவை மூட வேண்டும். நாகல்கேணியில் டேனரிகள் கூட்டாக நடத்தும் சுத்திகரிப்பு நிலையம் அந்தக் காலத்து நெருக்கடியில் பிறந்தது.

சுத்திகரித்தால் முடிந்ததா? குரோமியத்தைப் பிரித்துவிடலாம். தோலோடு வந்த உப்பு தண்ணீரில் கரைந்து நிற்கும். அதை எடுக்க மின்சாரமும் சவ்வும் கொதிகலனும் வேண்டும். எடுத்த பின்னும் சேறு மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிச் சேர்த்துவைத்த கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு ஜோடி ஷூவின் விலையில் இந்தச் சேற்றுக்கு எத்தனை காசு ஒதுக்கப்பட்டது என்று ஒவ்வொரு ஆர்டரிலும் எழுதச் சொல்ல வேண்டும். சதுர அடிக்குக் கூலி எவ்வளவு என்று எழுத முடிகிறவர்களால் இதையும் எழுத முடியும். இப்போது பெரிய பிராண்டுகள் லெதர் ஒர்க்கிங் குரூப் தரச்சான்று கேட்கின்றன. தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாவற்றையும் பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் தங்கம் வாங்க ஆகும் செலவை யார் தருவது என்ற பேச்சு வந்தால் பிராண்டு விலைப்பட்டியலில் ஒரு சென்ட் ஏறுவதில்லை. சின்ன டேனரிக்காரர் கடன் வாங்குகிறார், இல்லாவிட்டால் கடையைச் சாத்துகிறார்.

மதியம் மூன்றரை இருக்கும். டேனரியின் கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. பெரியவரும் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. மருமகள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வீட்ல கிணறு இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"இருக்கு தம்பி. எங்கப்பா வெட்டினது. பதினெட்டு அடியில தண்ணி. சிமென்ட் பலகை போட்டு மூடி வெச்சிருக்கோம், பேரப்புள்ளைங்க அது மேல ஏறி விளையாடுதுங்க."

மருமகள் நிரப்பிய குடத்தை அவர் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆறு மணிக்கு அடுத்த டிரம்மை இறக்க வேண்டும்.

(தொடரும்)