ஒரே பையில் இரண்டு விதக் காரம்

போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் பச்சை மிளகாய் வாங்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. "காரங்கா உந்தா?" என்று தெரிந்த தெலுங்கில் கேட்டு, ஒன்றின் நுனியைக் கடித்தும் பார்த்து, கால் கிலோ வாங்கி வருகிறோம். முதல் நாள் சாம்பாரில் ஆறு போட்டும் உறைக்கவில்லை. மறுநாள் அதே பையிலிருந்து மூன்று கிள்ளிப் போட்டால், குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் கலந்து கட்டிவிட்டார் என்று பழி போடுகிறோம். பெரும்பாலும் அவர் மீது குற்றமில்லை. ஒரே செடியில் காய்த்த காய்களுக்குள்ளேயே காரம் ஏறி இறங்கும்.

காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்ற ரசாயனப் பொருளும் அதன் பங்காளிகளும். அது விதையில் இருப்பதாகத்தான் நம் வீடுகளில் நம்பிக்கை. உண்மையில் விதை அதை உற்பத்தி செய்வதில்லை. மிளகாயைப் பிளந்தால் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய தசை தெரிகிறதல்லவா, அங்கேதான் சுரக்கிறது. விதை அதன் பக்கத்தில் குடியிருப்பதால் கொஞ்சம் பூசிக்கொள்கிறது, அவ்வளவே. இந்தத் தசை காம்புப் பக்கம் அதிகம், நுனியில் குறைவு. ஆகவே நுனியைக் கடித்துப் பார்த்து வாங்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் சோதனை!

காய்க்குக் காய் ஏன் மாறுகிறது? முதலாவது வயது. பூத்து ஏறக்குறைய 40, 50 நாள் வரை காரம் கூடிக்கொண்டே போகிறது. பிறகு மெல்லக் குறைகிறது. ஒரு பறிப்பில் பிஞ்சும் முற்றலும் சேர்ந்தே மூட்டைக்குள் போகின்றன. இரண்டாவது, செடியில் காய்த்த இடமும் காலமும். அடிக் கணுவில் முந்திக் காய்த்ததும் உச்சியில் பிந்திக் காய்த்ததும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்றாவது தண்ணீரும் வெயிலும். நீர் தாராளமாகக் கிடைத்த வயலைவிட, வாடி நின்ற செடியில் காரம் ஏறுவது வழக்கம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஜாதி இருக்கிறது. குடைமிளகாயில் காரம் உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருப்பதால், எந்த வெயிலில் வளர்ந்தாலும் அது உறைக்காது. பக்கத்துப் பாத்தியில் மிளகாய் போட்டதால் குடைமிளகாய் உறைத்துவிட்டது என்பதும் தவறு. கலப்பின் விளைவு அந்தக் காயில் தெரியாது. அதன் விதையை எடுத்து விதைத்தால்தான் தெரியும்.

காரத்தை அளக்க வழி சொன்னவர் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில். ஆண்டு 1912. மிளகாய்ச் சாரத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போய், எத்தனை மடங்கு கரைத்தால் நாக்கில் உறைப்பு மறைகிறது என்று ஆட்களைக் குடிக்கவைத்துப் பார்த்தார். இப்போது கருவிகள் அளக்கின்றன. அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வியாபாரக் கணக்குப்படி குண்டூர் சன்னம் 35,000 முதல் 40,000 வரை. கம்மம் சந்தையில் குவியும் தேஜா 75,000 முதல் ஒரு லட்சம் வரை. கர்நாடகத்து பியாட்கி சாதாரணமாக 15,000க்குக் கீழே. ஆனால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு பியாட்கிக்குத்தான்! நிறத்தைப் பார்த்துக் காரத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இங்கேதான் நம் தனிக்கட்டைகளின் மெஸ்களில் வயிறு கெடுகிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு அம்மா சொல்லிக் கொடுத்த கரண்டிக் கணக்கை, இங்கே வாங்கிய தேஜாத் தூளுக்கும் அப்படியே போடுகிறார்கள். பிறகு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, வேலைக்கு ஒரு நாள் லீவு. தூள் வாங்கும்போது எந்த மிளகாய் என்று கேட்பதில் வெட்கமில்லை.

கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. காப்சைசின் நீரில் கரையாது. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட வேண்டும். வாய்க்குத் தயிரோ பாலோ நல்லது. சூடுபட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. இதை 1997ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளின் அந்த வாசலை மிளகாயால் திறக்க முடியாது. கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்பது அதனால்தான்.

பச்சை மிளகாயைப் பொறுத்தவரை ஒரு சிறு யோசனை. ஒன்றிரண்டை முழுதாகப் போடாமல், பையிலிருந்து ஏழெட்டைச் சேர்த்து உப்புடன் அரைத்து வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு கரண்டியால் எடுத்துப் போடுங்கள். சாதுவும் முரடும் கலந்து, எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே காரமாக இருக்கும்.