உலகின் 3-வது பெரிய பொருளாதாரம்... ஆனாலும் ஜெர்மனி திணறுவது ஏன்? செங்கல்பட்டுக்கு இதில் என்ன இருக்கு?

சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் உள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. அந்த கம்பெனியின் தாய்நாடான ஜெர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 என அடுத்தடுத்து 2 வருடம் சுருங்கியது. 2025-லும் வளர்ச்சி வெறும் 0.2 சதவீதம்தான். பக்கத்து நாடுகள் பலவும் வளரும்போது ஜெர்மனி ஏன் தேங்கி நிற்குது? பார்க்கலாம்.

பெரிய நாடுதானே, அப்புறம் என்ன பிரச்னை?

அளவு வேற, வேகம் வேற. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்புதான் ஜிடிபி. அதில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த இடம் ஜெர்மனிக்கு. 2023-ல் ஜப்பானை முந்தி இந்த இடத்துக்கு வந்தது. டாலருக்கு எதிராக ஜப்பானின் யென் மதிப்பு சரிந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம்.

ஆனா போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு கூடியிருக்கு என்று பார்த்தால் கதை மாறுது. 2024-ல் ஸ்பெயின் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. பிரான்ஸ் 1 சதவீதத்தைத் தாண்டியது. இத்தாலிகூட கொஞ்சம் வளர்ந்தது. ஜெர்மனி சரிந்தது.

எங்கே இடறியது?

முதல் அடி எரிவாயு. உக்ரைன் போருக்கு முன்பு ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவில் இருந்து வந்தது. 2022-ல் அது நின்றதும் விலை எகிறியது. ரசாயனம், இரும்பு, கண்ணாடி ஆலைகள் தடுமாறின. நம்ம கல்பாக்கம் மாதிரி அங்கே மிச்சம் இருந்த 3 அணு மின் நிலையங்களும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டன.

இரண்டாவது சீனா. ஜெர்மன் கார்களை வாங்கிக் குவித்த சீனா, இப்போது எலெக்ட்ரிக் கார்களில் போட்டியாளராக நிற்கிறது. 2030-க்குள் 35,000-க்கும் அதிகமான வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வேகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டது.

மூன்றாவது, அரசு அதிகம் கடன் வாங்கக் கூடாது என்று 2009-ல் கொண்டுவந்த சட்டம். இதனால் பாலம், ரயில் பாதை வேலைகள் தள்ளிப்போயின. 2025 மார்ச்சில்தான் அதைத் தளர்த்தி, 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதிக்கு வழி செய்தார்கள்.

ஸ்பெயின் எப்படி முந்தியது?

2024-ல் மட்டும் 9 கோடிக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் அங்கே போனார்கள். வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்களால் வேலைக்கு ஆள் கிடைத்தது. ரஷ்ய எரிவாயுவை அந்த நாடு பெரிதாக நம்பியிருக்கவும் இல்லை.

ஆனால் கொரோனா வந்த 2020-ல் எல்லாம் தலைகீழ். சுற்றுலா முடங்கியதால் ஸ்பெயின் சுமார் 11 சதவீதம் சரிந்தது. ஜெர்மனியின் சரிவு சுமார் 4 சதவீதம்தான்.

செங்கல்பட்டுக்கு என்ன பாடம்?

இந்த இரண்டு மாடலும் நம்ம ஒரே மாவட்டத்தில் இருக்கு. ஜிஎஸ்டி சாலை ஓரம் ஜெர்மனி மாதிரி தொழிற்சாலைகள். மாமல்லபுரம் கடற்கரையில் ஸ்பெயின் மாதிரி சுற்றுலா.

2020 மார்ச்சில் கடற்கரைக் கோயில் மூடப்பட்டபோது சிற்பக் கடை, ஹோட்டல், ஆட்டோ என அத்தனை பேர் பிழைப்பும் நின்றது. மறைமலை நகரில் அடி வேறு வடிவத்தில் வந்தது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் ஆலை ஓய்ந்தது. அங்கே இன்ஜின் தயாரிக்க 2025 அக்டோபரில்தான் தமிழக அரசுடன் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது.

அப்போ பி.எம்.டபிள்யூ ஆலைக்கு ஆபத்தா? அப்படிச் சொல்ல முடியாது. இங்கே தயாராகும் கார்கள் இந்தியச் சந்தைக்கானவை. ஜெர்மனியில் விற்பனை குறைந்தால் இங்கே வேலை உடனே குறையாது. ஆனால் அடுத்த மாடல் எங்கே தயாராகும், புது முதலீடு எங்கே போகும் என்ற முடிவெல்லாம் மியூனிக்கில்தான்.

ஒரே தூணில் சாய்ந்து நின்றால், அந்தத் தூண் ஆடும்போது வீடும் ஆடும். ஜெர்மனிக்கு அது தொழிற்சாலை, ஸ்பெயினுக்கு அது சுற்றுலா. செங்கல்பட்டுக்கு இரண்டும் கையில் இருக்கு. ஆனா மறைமலை நகரில் வேலை போனவருக்கு மாமல்லபுரத்தில் வேலை கிடைக்குமா? அதற்கு வழி செய்தால்தான் இரண்டு தூண் இருந்தும் பலன்.