வேலையிலே விளங்கும் விசுவாசம்



காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதை உங்களுட் பலர் பார்த்திருக்கக்கூடும். கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். அப்போது கல்லின் முகம் கீழ்நோக்கியே இருக்கும். உலர்ந்து, நீரில் ஊறி, கண்ணாடி நீங்கிய பிறகே கைவேலையின் தரம் புலப்படும். மனிதன் கொண்ட சமய நம்பிக்கையும் இத்தகையதே. அது கோயிலில் உருவாகலாம்; அதன் முகம் தெரிவது அவன் அன்றாடம் பார்க்கும் வேலையில்தான்.

கிறிஸ்தவ சமயத்துக்கு இது புதிய கருத்தன்று. இயேசுபெருமான் தச்சராக உழைத்தவர். பவுலடியார் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். நம் தமிழ்நாட்டில் இதற்குச் சான்றாக விளங்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889).

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த இக்கத்தோலிக்கர் துறவியுமல்லர், போதகருமல்லர். வழக்குக் கட்டுகளோடு நாளைக் கழித்த அரசு அலுவலர். 1857இல் முன்சீப் பதவி ஏற்று, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். ஆங்கிலத்தில் இருந்த உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவனுக்கும் சட்டம் விளங்க அது வழி செய்தது. 1859இல் வெளிவந்த அவருடைய ‘நீதிநூல்’ கைக்கூலி வாங்குவோரைக் கடிந்துரைக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். தம் சமயத்தில் உறுதியாய் நின்ற அவரே, எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களையும் இயற்றினார்.

இவற்றையெல்லாம் மாணவருக்குப் பலமுறை எடுத்துரைத்தவன் நான். ஆயினும் எனக்கே ஒரு சோதனை வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, நெருங்கிய உறவினர் ஒருவர் தம் மகனின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டைத் திருத்தித் தரும்படி வேண்டினார். சேர்க்கைப் பதிவேட்டிலோ ஆண்டு தெளிவாக இருந்தது. மறுக்கத் துணிவின்றி, “நாளைக்குப் பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலை கோயிலில் முழந்தாளிட்டேன். செபம் வாயில் வந்தது, நெஞ்சில் வரவில்லை. மறுநாட் காலை அவர் வீட்டுக்கு நானே சென்று, இயலாது என்று கூறினேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. அந்தப் பிள்ளையின் திருமணத்துக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை.

அந்த இழப்பு இன்றும் வலிக்கிறது. அதைவிட வலிப்பது, உடனே சொல்ல வேண்டிய சொல்லுக்கு ஓர் இரவு தவணை கேட்டேனே என்பது. முன்சீப்பின் தீர்ப்பாயினும், ஆசிரியரின் பதிவேடாயினும், கடைக்காரரின் தராசாயினும், இறைவனுக்கு முன் வைக்கத்தக்கதாய் இருக்கட்டும். நாள்தோறும் நாம் படைக்கக்கூடிய காணிக்கை அதுவே.